போலிச் சரக்கும் திருட்டுப் பிரதியும்: சட்டத்தின் கை எட்டும் தூரம்

எங்கள் வீட்டுப் பீரோவில் ஒரு கல்யாணப் பட்டு இருக்கிறது. மாம்பழ மஞ்சள் உடல், அரக்குக் கரை. வாங்கி ஆறு வருடம் ஆவதற்குள் சரிகை கறுத்துவிட்டது. அம்மாவுக்கு மனசு கேட்கவில்லை. காஞ்சிபுரம் பிள்ளையார்பாளையத்தில் நெய்கிற பெரியவர் ஒருவரிடம் அதை எடுத்துப் போனார். நானும் கூடப் போனேன். பெரியவர் மூக்குக்கண்ணாடியை மாட்டிக்கொண்டு, முந்தியின் உள்பக்கத்திலிருந்து ஓர் இழையை ஊசியால் நெம்பி எடுத்து நகத்தால் சுரண்டினார். அசல் சரிகையின் நடுவில் சிவப்புச் சாயமேற்றிய பட்டிழை ஓடும். அதன்மேல் தட்டையாக்கிய வெள்ளிக் கம்பியைச் சுற்றிப் பொன்முலாம் பூசுவார்கள். எங்கள் புடவையில் சுரண்டச் சுரண்ட வந்தது வெள்ளை பாலியெஸ்டர் நூல்.

"இது எங்க தறியில எறங்கினதில்லம்மா. கரையைத் திருப்பிப் பாருங்க, கோர்வையே கிடையாது. பவர்லூம்ல ஒரே ஓட்டமா ஓட்டியிருக்காங்க" என்றார் அவர். கோர்வை என்றால் உடலுக்கு ஒரு நாடா, கரைக்கு வேறு நாடா. ஒவ்வோர் ஊடைக்கும் இரண்டையும் கோத்துக் கோத்து நெய்ய வேண்டும். பக்கத்தில் இன்னொரு ஆள் உட்கார்ந்து கரை நாடாவைத் தள்ளிக்கொடுக்க வேண்டும். அந்த இரண்டாவது ஆளின் கூலிதான் போலியில் முதலில் வெட்டப்படுகிறது. எங்கள் பில்லில் 'தூய காஞ்சிபுரம் பட்டு' என்று அச்சிட்டிருந்தது. கடைக்காரரிடம் கேட்டோம், அவர் மொத்த வியாபாரியைக் கை காட்டினார். போலீஸுக்குப் போவதா, நெசவாளர் சங்கத்துக்குப் போவதா, வக்கீலைப் பார்ப்பதா என்று எங்களுக்குத் தெரியவில்லை. விட்டுவிட்டோம்.

அந்தப் புடவையில் ஏமாந்தவர்கள் இரண்டு பேர். காசு கொடுத்த நாங்கள் ஒருவர். தன் ஊரின் பெயரை வேறு எவனோ எடுத்துப் போனதால் தன் சரக்குக்கு விலை சொல்ல முடியாமல் நிற்கும் நெசவாளி இன்னொருவர். இதைப் பர்மா பஜாரில் ஒரு காலத்தில் குவித்து விற்ற சினிமா சிடியோடு ஒப்பிட்டுப் பாருங்கள். அதை வாங்கியவர் யாரும் ஏமாறவில்லை. திருட்டுப் பிரதி என்று தெரிந்தே வாங்கினார், நஷ்டம் தயாரிப்பாளருக்கு. நிஜமான நஷ்டம்தான், ஆனால் அதன் தன்மை வேறு. வாங்குபவரை ஏமாற்றும் போலியும் அவர் தெரிந்தே வாங்கும் பிரதியும் இரண்டு தனிக் குற்றங்கள். முதலாவதில் அரசே முன்வந்து பிடிக்க வேண்டும். இரண்டாவதில், வியாபாரமாகச் செய்பவர்களை விட்டுவிட்டுப் பார்த்தால், சிவில் நீதிமன்றமும் கட்டுப்படியாகும் விலையில் கிடைக்கும் அசலுமே பெரும்பாலான வேலையைச் செய்துவிடும். இந்தியாவில் கடந்த 20, 25 ஆண்டுகளில் அமலாக்கம் போன பாதையைப் பார்த்தால், உரிமையாளரின் குரல் எங்கே பலமாக இருக்கிறதோ அங்கேதான் சட்டம் வேகமாக ஓடியிருக்கிறது. வாங்குபவர் ஏமாறும் இடத்தில் அது நடந்துகூட வருவதில்லை.

சட்டத்தின் கட்டமைப்பை முதலில் சொல்லிவிடுகிறேன். 1995 ஜனவரி 1 முதல் நடைமுறையில் இருக்கும் உலக வர்த்தக அமைப்பின் டிரிப்ஸ் ஒப்பந்தத்தில், 41 முதல் 61 வரையிலான பிரிவுகள் முழுக்க அமலாக்கத்தைப் பற்றியவை. சிவில் வழக்கு, இடைக்காலத் தடை, எல்லையில் சரக்கை நிறுத்துவது, குற்ற வழக்கு என்று அவை விரிகின்றன. குற்ற வழக்கு கட்டாயம் என்று அந்த ஒப்பந்தம் சொல்வது இரண்டுக்கு மட்டுமே: வேண்டுமென்றே, வணிக அளவில் செய்யப்படும் வணிகக்குறிப் போலி, அதேபோலச் செய்யப்படும் பதிப்புரிமைத் திருட்டு. காப்புரிமை மீறலுக்குச் சிறை வேண்டும் என்று அது கேட்கவில்லை. இந்தியாவிலும் காப்புரிமை மீறல் சிவில் தகராறு மட்டுமே. பதிப்புரிமை மீறலுக்கும், வணிகக்குறிப் போலிக்கும், புவிசார் குறியீட்டை ஏமாற்றிப் பயன்படுத்துவதற்கும் நம் சட்டங்கள் விதிப்பது ஏறக்குறைய ஒரே தண்டனை: 6 மாதம் முதல் 3 ஆண்டு வரை சிறை, 50,000 முதல் 2 லட்சம் ரூபாய் வரை அபராதம்.

தண்டனை ஒன்றுபோல இருந்தாலும், போலீஸ் உள்ளே நுழையும் வாசல் ஒன்றுபோல இல்லை. பதிப்புரிமைச் சட்டத்தின் 64ஆவது பிரிவின்படி ஒரு சப்-இன்ஸ்பெக்டரே வாரண்ட் இல்லாமல் பிரதிகளைப் பறிமுதல் செய்யலாம். 2022 மே மாதம் நிட் புரோ வழக்கில் உச்ச நீதிமன்றம், இந்தக் குற்றம் வாரண்ட் இல்லாமல் கைது செய்யக்கூடியது, ஜாமீன் உரிமையாகக் கிடைக்காதது என்றும் தீர்ப்பளித்தது. வணிகக்குறிக்கும் புவிசார் குறியீட்டுக்கும் வந்தால் டி.எஸ்.பி. பதவிக்குக் குறையாத அதிகாரி வேண்டும். அவரும் சோதனைக்குக் கிளம்புமுன் பதிவாளரின் கருத்தை எழுத்தில் பெற்று அதன்படியே நடக்க வேண்டும். இந்த விதிக்குக் காரணம் உண்டு. இரண்டு குறிகள் ஒன்றையொன்று ஒத்திருக்கின்றனவா என்பது கண்ணால் பார்த்ததும் சொல்லிவிடும் விஷயமல்ல. போட்டியாளரை முடக்க ஒரு சிறு வியாபாரிமேல் போலீஸை ஏவிவிடும் ஆபத்தையும் இந்த விதி தடுக்கிறது. ஆனால் கருத்து கேட்டுக் கடிதம் போய்த் திரும்புவதற்குள் சரக்கு அடுத்த குடோனுக்கு மாறிவிடும். தெரிந்தே வாங்கும் பிரதிக்குக் கதவு அகலமாகவும், ஏமாற்றி விற்கும் போலிக்குக் குறுகலாகவும் இருக்கிறது என்று நான் சொல்வதற்கு இது முதல் சான்று.

இரண்டாவது சான்று புடவையிலேயே இருக்கிறது. 1999ஆம் ஆண்டின் புவிசார் குறியீட்டுச் சட்டம் 2003 செப்டம்பரில் அமலுக்கு வந்தது. இந்தியா முழுமைக்குமான அதன் பதிவகம் சென்னை கிண்டியில்தான் இயங்குகிறது. முதல் பதிவு டார்ஜிலிங் தேயிலை. அந்தப் பதிவுக்கு அடுத்த ஆண்டிலேயே காஞ்சிபுரம் பட்டும் இடம்பெற்றது. பெயர் பதிவாகிவிட்டது, சரி. பிறகு யார் காவல் காப்பது? டார்ஜிலிங்குக்குப் பின்னால் தேயிலை வாரியம் நிற்கிறது. உலகச் சந்தைகளில் அந்தப் பெயரை எவர் பதிவுசெய்ய முயன்றாலும் தகவல் சொல்ல ஒரு கண்காணிப்பு நிறுவனத்தையே வாரியம் அமர்த்தியது; பல நாடுகளில் வழக்கும் நடத்தியது. காஞ்சிபுரத்துக்கு அப்படி ஒரு முழுநேரக் காவலன் இல்லை. தறிக்காரர் ஒவ்வொருவரும் அங்கீகரிக்கப்பட்ட பயனாளராகத் தனித்தனியே பதிந்துகொண்டால்தான் தன் பெயரில் வழக்குப் போட முடியும். போட்டாலும், கடைத்தெருவில் தனக்கு ஆர்டர் கொடுக்கும் அதே முதலாளிக்கு எதிராகப் போட வேண்டியிருக்கும். கூலிக்கு நெய்கிறவரால் அது முடியுமா?

1985இலிருந்து கைத்தறிக்கென்று ரகங்களை ஒதுக்கும் சட்டம் ஒன்றும் இருக்கிறது. இப்போது அதில் 11 ரகங்கள், புடவையும் உண்டு. அந்தச் சட்டப்படி அதிகாரிகள் விசைத்தறிக் கூடங்களில் ஆய்வு செய்யலாம், வழக்குத் தொடுக்கலாம். ஆனால் அந்த ஆய்வு தறியோடு நின்றுவிடுகிறது. கண்ணாடி ஷோகேஸில் 'காஞ்சிபுரம்' என்று எழுதிவைத்திருக்கும் அட்டைவரை அது வருவதில்லை.

சிவில் வழக்கின் கதை வேறு. இங்கே நம் நீதிமன்றங்கள் வெளிநாட்டு வழக்கத்தை எடுத்து நன்றாகவே பழக்கிக்கொண்டன. 2002 உலகக் கோப்பைக் கால்பந்தின்போது, பெயர் தெரியாத கேபிள் ஆபரேட்டர்கள் டென் ஸ்போர்ட்ஸ் சேனலை அனுமதியின்றி ஒளிபரப்புவதைத் தடுக்க டெல்லி உயர் நீதிமன்றம் 'ஜான் டோ' ஆணை பிறப்பித்தது. அதாவது, பிரதிவாதியின் பெயரே இல்லாத தடையாணை. ஜூன் மாதத்தில் முடிந்துவிடும் போட்டிக்கு, ஆளைத் தேடிப் பிடித்து நோட்டீஸ் அனுப்பிக்கொண்டிருந்தால் கோப்பையே கைமாறிவிடும். அதனால் அந்த ஆணை நியாயமானது.

போலிச் சரக்கு வழக்கில் இதற்கு இணையானவர் அட்வகேட் கமிஷனர். நீதிமன்றம் நியமிக்கும் ஒரு வக்கீல், எதிர்த்தரப்புக்கு முன்னறிவிப்பு தராமல் குடோனுக்குப் போகிறார். ஷட்டரைத் திறக்கச் சொல்கிறார். 'ஓனர் ஊர்ல இல்ல, சாவி அவர்கிட்ட இருக்கு' என்ற பதில் வரும். பூட்டை உடைக்கும் அனுமதி ஆணையில் இருந்தால் உடைக்கலாம், இல்லாவிட்டால் வாசலிலேயே நிற்க வேண்டியதுதான். அனுபவமுள்ள வக்கீல்கள் அந்த ஒரு வரியை மனுவிலேயே கேட்டு வாங்கிவிடுவார்கள். உள்ளே போனதும் அட்டைப்பெட்டிகளை எண்ணிப் பட்டியல் எடுத்து, மாதிரிகளைத் தனியே கட்டி அரக்கு வைத்து, கணக்குப் புத்தகங்களில் கையெழுத்திட்டு, மீதிச் சரக்கை எதிர்த்தரப்பின் பொறுப்பிலேயே எழுதிவாங்கிக்கொண்டு ஒப்படைப்பார். சிறைக் கம்பியைக் காட்டாமலேயே ஒரே மதியத்தில் வியாபாரம் நின்றுவிடுகிறது. போலிக்கு எதிராக நான் பார்த்தவரை மிகவும் பயன்தரும் கருவி இதுதான். ஆனால் வக்கீல் கட்டணம், கமிஷனர் கட்டணம், நீதிமன்றக் கட்டணம் எல்லாம் வழக்காளியின் பையிலிருந்து. சோப்புக் கம்பெனிக்கு அது செலவுக் கணக்கில் ஒரு வரி. கைத்தறிக் கூட்டுறவுச் சங்கத்துக்கோ ஒரு வருட போனஸ்.

சென்னையில் தலைமையிடம் கொண்டிருந்த அறிவுசார் சொத்து மேல்முறையீட்டு வாரியம், உறுப்பினர் இல்லாமல் நீண்ட காலம் முடங்கிக் கிடந்து, 2021 ஏப்ரலில் கலைக்கப்பட்டது. அதன் கோப்புகள் உயர் நீதிமன்றங்களுக்கு வந்தன. 2023இல் சென்னை உயர் நீதிமன்றத்தில் அறிவுசார் சொத்து வழக்குகளுக்கென்றே தனிப் பிரிவு அமைந்தது. நல்ல மாற்றம்.

இனி சினிமா. தமிழ்நாட்டில் பைரசி என்றாலே எவருக்கும் நினைவுக்கு வருவது சினிமாதான். ஆம்னி பஸ்ஸில் போட்ட வீடியோ கேசட், கேபிள்காரர் இரவோடு இரவாக ஓட்டிய புதுப்படம், பிறகு பர்மா பஜார் சிடி, பிறகு தமிழ் ராக்கர்ஸ் இணையதளம் என்று ஒவ்வொரு தலைமுறைக்கும் ஒரு வடிவம். பர்மாவிலிருந்து திரும்பிய தமிழர்களின் பிழைப்புக்காக 1969இல் உருவான கடைவரிசை, ஒரு கட்டத்தில் திருட்டு விசிடிக்கு மறுபெயராகிவிட்டது. 2004இல் தமிழக அரசு 1982ஆம் ஆண்டின் குண்டர் சட்டத்தைத் திருத்தி, கள்ளச்சாராயம் காய்ச்சுபவர், போதைப்பொருள் விற்பவர், குண்டர் ஆகியோரின் வரிசையில் 'வீடியோ திருடர்' என்பவரையும் சேர்த்தது. இதன்படி ஒருவரை விசாரணையே இல்லாமல் 12 மாதம் வரை அடைத்துவைக்கலாம்.

இது தவறான சட்டம் என்று நான் உறுதியாக நினைக்கிறேன். சினிமாக்காரர்களின் வலி எனக்குத் தெரியாததல்ல. ஒரு படத்தின் ஆயுள் முதல் மூன்று நாள் வசூலில் தீர்மானிக்கப்படும் தொழிலில், வெள்ளிக்கிழமை இரவே பிரதி வெளியே வந்தால் கடன் வாங்கிப் படமெடுத்தவர் தெருவுக்கு வந்துவிடுகிறார். அவரோடு விநியோகஸ்தரும் தியேட்டர் முதலாளியும் சேர்ந்து நஷ்டப்படுகிறார்கள். ஆனால் குண்டர் சட்டத்தில் சிக்கியவர்கள் பெரும்பாலும் யார்? தள்ளுவண்டியில் சிடி அடுக்கி வைத்திருந்தவர்கள். மாஸ்டர் பிரதி எடுத்தவனும், அதை வாங்கி ஆயிரக்கணக்கில் அச்சடித்தவனும் அந்தத் தெருவில் இல்லை. விசாரணை வேண்டாம் என்று சொல்லிவிட்டால் அவனைத் தேடிப் போகும் அவசியமும் போலீஸுக்கு இல்லாமல் போகிறது. சிடி வியாபாரம் கடைசியில் ஒழிந்ததும் குண்டர் சட்டத்தால் அல்ல. கைபேசியில் மலிவான இணையம் வந்தது, தட்டுகளை யாரும் சீண்டவில்லை.

இணையத்தில் தடுக்கும் முயற்சியிலும் தமிழ் சினிமா முன்னோடி. 2012 மார்ச் கடைசியில், '3' படம் வெளியாகும் தறுவாயில், அதன் தயாரிப்பாளர்கள் சென்னை உயர் நீதிமன்றத்தில் இணையச் சேவை நிறுவனங்களுக்கு எதிராக ஜான் டோ ஆணை பெற்றார்கள். எந்தப் பக்கத்தைத் தடுப்பது என்று ஆணையில் தெளிவாக இல்லாததால், மே மாதத்தில் நிறுவனங்கள் பைரட் பே மட்டுமல்லாமல் விமியோ போன்ற நேர்மையான வீடியோ தளங்களையும் மொத்தமாக மூடின. தன் குறும்படத்தை அங்கே ஏற்றி வைத்திருந்த மாணவரும் அதோடு முடங்கினார். ஜூன் மாதத்தில் நீதிமன்றம் திருத்தியது: முழுத் தளத்தையும் தடுக்கக் கூடாது, குறிப்பிட்ட இணைய முகவரியைத் தந்தால் அதை மட்டும் 48 மணி நேரத்துக்குள் தடுக்க வேண்டும். 2016இல் பம்பாய் உயர் நீதிமன்ற நீதிபதி கௌதம் படேல் இன்னும் ஒரு படி மேலே போனார். தயாரிப்பாளர் நீட்டும் நூற்றுக்கணக்கான முகவரிப் பட்டியலைச் சரிபார்க்காமல் தடை தர மறுத்தார். இந்தக் கவனத்தை நான் மதிக்கிறேன்.

எதிர்ப்பக்கம் சும்மா இருக்கவில்லை. ஒரு முகவரியை மூடினால் ஒரே எழுத்தை மாற்றி அடுத்தது முளைத்தது. இதற்குப் பதிலடியாக 2019 ஏப்ரலில் டெல்லி உயர் நீதிமன்றம் யுடிவி வழக்கில் புது வழி கண்டது. ஒரு தளம் முழுக்க முழுக்கத் திருட்டுக்காகவே இயங்குகிறது என்று நிரூபணமானால் அதை மொத்தமாகத் தடுக்கலாம். அதே தளத்தின் மறுபிறவிகளை, ஒவ்வொரு தடவையும் புது வழக்குப் போடாமல், நீதிமன்றத்தின் இணைப் பதிவாளரிடம் மனுக் கொடுத்தே பட்டியலில் சேர்க்கலாம். 2023 ஆகஸ்டில் இது இன்னும் வெளிவராத படைப்புகளுக்கும் விரிந்தது. உரிமையாளருக்குப் பெரிய வசதி. தவறாக மூடப்பட்ட தளத்தின் சொந்தக்காரர் எங்கே போய் முறையிடுவது என்பதற்கு மட்டும் இதே அளவு எளிதான வழி இன்னும் கிடைக்கவில்லை.

தடையைவிட எனக்கு நம்பிக்கை தருவது வேறொன்று. டிஜிட்டல் திரையிடலுக்காக ஹாலிவுட் ஸ்டூடியோக்கள் சேர்ந்து வகுத்த விதியில், கண்ணுக்குத் தெரியாத ஒரு நீர்க்குறி படத்தின் ஒவ்வொரு 5 நிமிடத் துண்டிலும் இருக்க வேண்டும். அது 35 பிட் அளவுதான்; அதில் 16 பிட் நேரத்துக்கு, 19 பிட் திரையரங்கின் அடையாளத்துக்கு. திருட்டுப் பிரதியில் ஒரு துண்டு கிடைத்தாலும் எந்த அரங்கு, எந்தக் காட்சி என்று சொல்லிவிடலாம். 2016இல் '24' படத்தின் பிரதி பெங்களூரு மல்டிப்ளெக்ஸ் ஒன்றில் எடுக்கப்பட்டது என்று தயாரிப்பாளர் கண்டுபிடித்தது இப்படித்தான். 2024 ஜூலையில் திருவனந்தபுரம் தியேட்டர் ஒன்றில் 'ராயன்' படத்தைப் பதிவுசெய்துகொண்டிருந்ததாக மதுரைக்காரர் ஒருவரைக் கேரள போலீஸ் கைது செய்தது. வரிசையாகச் சில சீட்டுகளை முன்பதிவு செய்து, இருக்கையில் கப் வைக்கும் குழிக்குள் சின்னக் கேமராவைப் பொருத்திவிடுவார் என்று போலீஸார் சொன்னார்கள். அந்தக் கைதுக்குக் காரணம் ஒரு மலையாளப் படத் தயாரிப்பாளரின் புகார். தள்ளுவண்டிக்காரரை ஓர் ஆண்டு அடைப்பதைவிட, அந்த இருக்கைக்குப் போய்ச் சேரும் ஒரு நாள் உழைப்பு எவ்வளவோ மேல். 2023இல் திருத்தப்பட்ட ஒளிப்பதிவுச் சட்டமும் சரியாகவே தியேட்டரில் பதிவுசெய்பவனைக் குறிவைக்கிறது: 3 மாதம் முதல் 3 ஆண்டு சிறை, 3 லட்சத்தில் தொடங்கித் தயாரிப்புச் செலவில் 5 சதவீதம் வரை அபராதம்.

எது திருட்டு இல்லை என்பதையும் இங்கேயே சொல்லிவிட வேண்டும். டெல்லிப் பல்கலைக்கழக வளாகத்தில் பாடநூல் பகுதிகளை நகலெடுத்துத் தொகுத்து விற்ற ஜெராக்ஸ் கடைமேல் மூன்று பெரிய பதிப்பகங்கள் போட்ட வழக்கை 2016 செப்டம்பரில் டெல்லி உயர் நீதிமன்றம் தள்ளுபடி செய்தது. கற்பித்தலுக்காக எடுக்கும் நகல் மீறலாகாது என்றது. 1949இல் பாரதியின் படைப்புகளுக்கான உரிமையைச் சென்னை மாகாண அரசு வாங்கி, பிறகு மக்களுக்குப் பொதுவாக்கிய மண் இது. எழுத்தாளரின் குடும்பத்துக்கும் பணம் கிடைத்து வாசகருக்கும் புத்தகம் கிடைக்கும் வழி இருக்கிறது என்பதை நாம் பார்த்திருக்கிறோம்.

எல்லையில் என்ன நடக்கிறது? 2007 மே மாதம் வந்த சுங்க விதிகளின்படி, உரிமையாளர் தன் வணிகக்குறியையோ பதிப்புரிமையையோ சுங்கத்தில் பதிந்துகொண்டால், சந்தேகப்படும் இறக்குமதியைத் துறைமுகத்திலேயே நிறுத்திவைக்கலாம். 10 வேலைநாளுக்குள், நீட்டித்தால் இன்னொரு 10 நாளுக்குள், அவர் நடவடிக்கையில் சேராவிட்டால் சரக்கு விடுவிக்கப்படும். பயணியின் பெட்டியில் சொந்த உபயோகத்துக்குக் கொண்டுவரும் பொருளுக்கு விலக்கு உண்டு. ஆரம்பத்தில் இந்த விதிகளில் காப்புரிமையும் இருந்தது. அதன் விளைவை மதுரைக்காரர் ஒருவரின் வழக்கு காட்டியது. இரண்டு சிம் போடும் கைபேசிக்கு 2008இல் காப்புரிமை பெற்ற அவர், அதைச் சுங்கத்தில் பதிந்துவைக்க, 2009இல் நாட்டுக்குள் வந்த இரட்டை சிம் கைபேசிகள் விமான நிலையங்களில் முடங்கின. கைபேசியைப் பிரித்துப் பார்த்துக் காப்புரிமைக்குள் அடங்குமா என்று சுங்க அதிகாரி எப்படிச் சொல்வார்? 2012இல் சாம்சங் தொடுத்த மனுவில் மேல்முறையீட்டு வாரியம் அந்தக் காப்புரிமையையே ரத்து செய்தது. 2018இல் மத்திய அரசு சுங்க விதிகளிலிருந்து காப்புரிமையை நீக்கியது. போலி முத்திரையை எல்லையில் கண்டுபிடிக்கலாம். ஒரு கண்டுபிடிப்பின் எல்லையை அங்கே அளக்க முடியாது.

இதே பாடத்தை உலகம் இன்னும் கசப்பாகக் கற்றது. 2008 டிசம்பரில் டாக்டர் ரெட்டீஸ் தயாரித்த சுமார் 570 கிலோ லோசார்டன், அதாவது ரத்தக்கொதிப்பு மருந்தின் மூலப்பொருள், இந்தியாவிலிருந்து பிரேசிலுக்குப் போகும் வழியில் ஆம்ஸ்டர்டாம் ஸ்கிபோல் விமான நிலையத்தில் பிடித்துவைக்கப்பட்டது. இந்தியாவிலும் பிரேசிலிலும் அதற்குக் காப்புரிமை இல்லை. விமானம் மாறும் ஊரில் இருந்தது, அவ்வளவுதான். மருந்து பிரேசில் போகாமல் இந்தியாவுக்கே திரும்பி வந்தது. 2010 மே மாதம் இந்தியாவும் பிரேசிலும் உலக வர்த்தக அமைப்பில் முறையிட்டன. அந்தச் சரக்கில் கலப்பட மருந்தோ போலி முத்திரையோ எதுவும் இல்லை. விலை குறைந்த நல்ல மருந்து ஒன்று, 'போலியைத் தடுக்கிறோம்' என்ற பெயரில் நோயாளிக்குப் போய்ச் சேராமல் நின்றது.

கென்யாவில் இந்தக் குழப்பத்துக்கு நீதிமன்றமே முற்றுப்புள்ளி வைத்தது. 2008இல் அங்கு இயற்றிய போலி எதிர்ப்புச் சட்டத்தில், போலி என்பதற்கான வரையறை ஜெனரிக் மருந்தையும் விழுங்கும்படி இருந்தது. எய்ட்ஸ் கிருமியோடு வாழ்ந்த மூன்று பேர் வழக்குத் தொடுத்தார்கள். அவர்கள் சாப்பிட்டு உயிர்வாழ்ந்த மருந்தில் பெரும்பகுதி இந்தியாவில் செய்த ஜெனரிக். 2012 ஏப்ரலில் நீதிபதி மும்பி ங்குகி, உயிர் வாழும் உரிமைக்குப் பிறகுதான் அறிவுசார் சொத்துரிமை என்று தெளிவாகத் தீர்ப்பளித்தார். 2017இல் உலகச் சுகாதார அமைப்பும், போலி மருந்துக்கு வணிகக்குறிச் சட்டத்தின் சொல்லைப் பயன்படுத்துவதைக் கைவிட்டு, 'தரக்குறைவான, பொய்யாக்கப்பட்ட மருந்து' என்ற சொல்லுக்கு மாறியது. அதே ஆண்டு அது சொன்ன கணக்கு: வருவாய் குறைந்த, நடுத்தர நாடுகளில் பத்தில் ஒரு மருந்து அப்படிப்பட்டது. அந்தப் பத்தாவது மாத்திரையை விழுங்குபவருக்கு, அட்டையில் இருப்பது எந்தக் கம்பெனியின் பெயர் என்பது முக்கியமில்லை. உள்ளே மருந்து இருக்கிறதா என்பதுதான் கேள்வி.

இதற்கு நம்மிடம் பொருத்தமான சட்டம் இருக்கிறது. 2010 மார்ச்சில் சென்னை கொடுங்கையூர் குப்பைமேட்டில் கொட்டிய காலாவதி மருந்துகளைப் பொறுக்கி, தேதியை அழித்துப் புதுத் தேதி அச்சிட்டு விற்ற கும்பல் பிடிபட்டபோது தமிழ்நாடே பதறியது. அங்கே எவருடைய வணிகக்குறியும் போலியாக அச்சிடப்படவில்லை. அட்டை அசல், கம்பெனி அசல், தேதி மட்டும் பொய். வணிகக்குறிச் சட்டத்தை வைத்து இதைத் தொடுவதே கடினம். 1940ஆம் ஆண்டின் மருந்துகள், அழகுசாதனப் பொருள்கள் சட்டமே உரிய கருவி. 2008 திருத்தத்துக்குப் பிறகு, போலி மருந்தால் சாவோ கொடுங்காயமோ நேர்ந்தால் குறைந்தது 10 ஆண்டு, அதிகபட்சம் ஆயுள் சிறை. 2023 ஆகஸ்ட் 1 முதல், அதிகம் விற்கும் 300 மருந்துகளின் அட்டையில் கியூஆர் குறியீடு கட்டாயமாகிவிட்டது. கைபேசியைக் காட்டினால் தயாரித்தவர், தொகுதி எண், காலாவதித் தேதி தெரியும். மெடிக்கலில் நின்று அதைச் செய்து பார்த்திருக்கிறேன், 20 நொடி ஆகிறது. மற்ற மருந்துகளுக்கும் இது சீக்கிரம் வரவேண்டும்.

பைரசி பற்றிய விவாதங்களில் நஷ்டக் கணக்குகள் தாராளமாக வீசப்படும். எச்சரிக்கையாகப் படிக்க வேண்டியவை அவை. போலிப் பொருள்களின் உலக வர்த்தகம் 2021இல் 46,700 கோடி டாலர், உலக இறக்குமதியில் 2.3 சதவீதம் என்று ஓஇசிடி மதிப்பிட்டது. எல்லையில் பிடிபட்டதை வைத்துப் பிடிபடாததைக் கணக்கிடும் முறை அது. அந்த வரம்பைத் தெரிந்துகொண்டு பயன்படுத்தலாம். ஆனால் அமெரிக்காவில் பல ஆண்டுகள் மேடைதோறும் சொல்லப்பட்ட மூன்று அரசு எண்களை 2010 ஏப்ரலில் அந்நாட்டுக் கணக்கு ஆய்வு அலுவலகம் சோதித்தபோது, ஒன்றுக்கும் ஆதாரம் காட்ட முடியவில்லை. ஒவ்வொரு திருட்டுப் பிரதியையும் விற்காமல் போன ஓர் அசல் என்று எண்ணும்போது பூஜ்யங்கள் தானாகக் கூடுகின்றன. அந்த எண்களை நம்பிக் கடுமையான சட்டம் கேட்பது சரியல்ல. போலிகளுக்கு எதிரான சர்வதேச ஒப்பந்தமான ஆக்டாவை 2012 ஜூலை 4இல் ஐரோப்பிய நாடாளுமன்றம் 478 வாக்குகளால் நிராகரித்தது. ஆதரவு 39 மட்டுமே. இணையத்தையும் ஜெனரிக் மருந்தையும் போலிக் கைப்பையையும் ஒரே மூட்டையில் கட்டிய ஒப்பந்தத்துக்கு அதுதான் நேர்ந்தது.

ஆன்லைன் கடைகளுக்கு வருவோம். 2020ஆம் ஆண்டின் மின்வணிக விதிகள், விற்பவரின் பெயர், முகவரி, புகார் சொல்லும் வழி ஆகியவற்றைத் தளம் காட்ட வேண்டும் என்கின்றன. தளம் வெறும் இடைத்தரகரா, வியாபாரத்தில் பங்காளியா என்பதில் டெல்லி உயர் நீதிமன்றத்திலேயே தீர்ப்புகள் இரு பக்கமும் சாய்ந்திருக்கின்றன. சரக்கைத் தன் குடோனில் வைத்து, தன் பெட்டியில் கட்டி, தன் ஆளிடம் கொடுத்து அனுப்பும் நிறுவனம், 'எனக்கும் பொருளுக்கும் சம்பந்தமில்லை' என்று சொல்வதை ஏற்கக் கூடாது என்பது என் நிலை.

மறுபடியும் அந்தப் புடவை. 2019ஆம் ஆண்டின் நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம், அசல் என்று பொய்யாகச் சொல்லி விற்கும் பொருளைப் போலி என்று நேராகவே வரையறுக்கிறது. ஆனால் அதை விற்றவனுக்குச் சிறைத் தண்டனை, பொருளால் உடலுக்குக் காயமோ உயிருக்குச் சேதமோ வந்தால்தான். சரிகை கறுத்ததற்கு இல்லை. நெசவாளியின் பிழைப்பு போனதற்கும் இல்லை. ஆகவே மாற வேண்டிய விஷயங்கள் எனக்குத் தெளிவாகவே தெரிகின்றன. காஞ்சிபுரம், ஆரணி, திருபுவனம் போன்ற பெயர்களுக்காக வழக்கு நடத்தும் செலவை அரசின் கைத்தறித் துறை ஏற்க வேண்டும். நெசவாளி தன் முதலாளிக்கு எதிராகத் தானே நிற்க வேண்டிய நிலை இருக்கக் கூடாது. பதிவாளர் தன் கருத்தை இத்தனை நாளுக்குள் தர வேண்டும் என்று காலவரம்பு விதிக்க வேண்டும். கிண்டியில் இருக்கும் பதிவகத்துக்கும் காஞ்சிபுரத்தில் இருக்கும் போலீஸ் அலுவலகத்துக்கும் இடையே இரண்டு மணி நேரப் பயணம்தான். வீடியோ திருடர் என்ற சொல்லைக் குண்டர் சட்டத்திலிருந்து எடுத்துவிட்டு, அந்தப் போலீஸ் நேரத்தை இதற்குக் கொடுக்கலாம்.

அதுவரை வாங்குகிறவர்களுக்கு ஒரு வேண்டுகோள். பட்டு எடுக்கும்போது புடவையைத் திருப்பிக் கரை சேரும் இடத்தைப் பாருங்கள். சரிகை இழை ஒன்றைச் சுரண்டிக் காட்டச் சொல்லுங்கள். சிவப்பு தெரிய வேண்டும். சில்க் மார்க் சீட்டு பட்டு அசலா என்பதை மட்டுமே சொல்லும். ஆகவே 'கைத்தறி', 'அசல் வெள்ளிச் சரிகை' என்ற இரண்டையும் பில்லில் எழுதி வாங்குங்கள். எழுத மறுக்கும் கடையில் வாங்காதீர்கள். எழுதிக் கொடுத்துவிட்டு ஏமாற்றினால் மாவட்ட நுகர்வோர் ஆணையத்துக்குப் போகலாம். 5 லட்சம் ரூபாய் வரையிலான புகாருக்குக் கட்டணம் கிடையாது, 2 ஆண்டுக்குள் கொடுத்துவிட வேண்டும். நாங்கள் கொடுக்காமல் விட்டோம். நீங்கள் விடாதீர்கள்.